84-ஐ 14-ஆல் வகுத்தேன்

திட்டக் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் என் மேசைக்கு வந்த முதல் பெரிய வேலை, ஒரு திட்டத்தின் 84 லட்சம் பட்ஜெட்டை 14 மாதங்களுக்குப் பிரித்துப் போடுவது. அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். 84-ஐ 14-ஆல் வகுத்தால் 6. எக்செல் தாளில் முதல் கட்டத்தில் 6 என்று அடித்தேன், அதன் மூலையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன், 14 கட்டங்களும் நிரம்பிவிட்டன. கூட்டிப் பார்த்தேன், 84 வந்தது. மேலதிகாரி பார்த்தார், தலையசைத்தார், தாள் மென்பொருளில் ஏறியது.

கூட்டல் பிழை இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது பிடித்திருப்பார்கள். கூட்டல் சரியாக இருந்ததால்தான் அந்தத் தாள் ஐந்து மாதம் உயிரோடு இருந்தது.

கிளை அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் புதிய கணினிக் கட்டமைப்பு அமைக்கும் திட்டம் அது. கருவிகளுக்கு 36, வெளி ஆலோசகர்களுக்கு 21, திட்டத்தில் வேலை செய்யும் எங்கள் ஊழியர்களின் சம்பளம் 14, பயிற்சிக்கும் பயணத்துக்கும் 6, எதிர்பாராச் செலவுக்கு 7. இந்த ஐந்து வரிகளும் என் கையில்தான் இருந்தன. ஆனால் நான் பிரித்தது அடியில் இருந்த மொத்தத்தை மட்டும்தான்.

நான்கு மாதம் முடிந்தது. என் தாளின்படி அதற்குள் 24 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். பேரேட்டில் 7 லட்சம்தான் இருந்தது. மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் திரையில் '17 லட்சம் மிச்சம்' என்று பச்சை நிறத்தில் தெரிந்தது. இயக்குநருக்கு மகிழ்ச்சி. "திட்டத்தைச் சிக்கனமாக நடத்துகிறார்கள்" என்று பாராட்டினார். பணமில்லாமல் காத்திருந்த வேறொரு வேலைக்கு அந்த மிச்சத்திலிருந்து 10 லட்சத்தை மாற்றச் சொன்னார். நானே மாற்றினேன். மாற்றுப் பதிவில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

ஐந்தாம் மாதம் கருவிகள் வந்து இறங்கின. 36 லட்சம், ஒரே தவணையில். சம்பளம் 1, ஆலோசகர் கட்டணம் 1.5 சேர்த்து, மாத முடிவில் மொத்தச் செலவு 45.5 லட்சம். தாள் அனுமதித்தது 30. பச்சை ஒரே மாதத்தில் சிவப்பாகிவிட்டது. நிறம் கூடப் பெரிய விஷயமில்லை. 84-இல் 45.5 போனால் மீதி 38.5 இருக்க வேண்டும். 10 லட்சம் ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் கையில் இருந்தது 28.5. செய்ய வேண்டிய வேலைக்குத் தேவை 31.5. எதிர்பாராச் செலவுக்கான 7 லட்சத்தை முழுதும் விழுங்கிய பிறகும் 3 லட்சம் துண்டு விழுந்தது.

திட்ட மேலாளர் அனுபவமுள்ள பொறியாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என் தாளை இரண்டு விரலால் நகர்த்தி, "ஐந்தாம் மாதம் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேனே, தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இத்தனை நாள் நினைவில் நின்றிருக்காது.

அன்று மாலை அவருடைய வேலை அட்டவணையை வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்தோம். சம்பளம் மாதம் 1 லட்சம், ஒரே சீராக. (நான் செய்த சம வகுத்தல் பொருந்திய ஒரே வரி இதுதான்.) ஆலோசகர்களுக்கு வடிவமைப்பு நடக்கும் முதல் நான்கு மாதங்களில் மொத்தம் 3, கருவிகள் வந்து நிறுவல் மும்முரமாகும் அடுத்த ஆறு மாதங்களில் 12, கடைசி நான்கில் 6. பயிற்சி 11, 12, 13-ஆம் மாதங்களில், மாதம் 2. கருவிகள் ஐந்தாம் மாதம், முழுதாக. இப்போது முதல் நான்கு மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் சம்பளம் 4, ஆலோசகர் 3, ஆக 7.

பேரேட்டிலும் அதே 7. திட்டம் நூல் பிடித்தாற்போல் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பாராட்டிப் பங்கு பிரித்த அந்த 17 லட்சம் எங்கேயும் இல்லை. அது என் வகுத்தலுக்குப் பிறந்த குழந்தை.

மாதவாரிப் பட்ஜெட் என்பது மொத்தத்தை அழகாக வெட்டி அடுக்குவது என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்த வேலை எப்போது நடக்கும் என்று வேலை செய்கிறவர் சொல்வதை எண்ணில் எழுதி வைப்பதுதான் அது. அந்தப் பேச்சு நடக்காமல் நிரப்பிய தாளில் வரும் விலகல் (பட்ஜெட்டுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு) எதையும் சொல்வதில்லை. அதை விளக்க மாதாமாதம் கூட்டம் போடுவது, இல்லாத நோய்க்கு மருத்துவம் பார்ப்பதுதான்.

இதில் இன்னொரு குற்றமும் எங்கள் பிரிவின் மேல் உண்டு. கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்தது இரண்டாம் மாதத்திலேயே. பொருள் வந்தது ஐந்தாம் மாதம், பில் வந்தது ஆறாம் மாதம், பணம் போனது ஏழாம் மாதம். ஒரே 36 லட்சத்துக்கு நான்கு தேதிகள். ஆய்வுக் கூட்டத்தில் '17 மிச்சம்' என்று காட்டிய நாளில், அந்த 36-க்கு நிறுவனம் எழுத்தில் கட்டுப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொள்முதல் பிரிவுக்கு அது தெரியும். எங்கள் அறிக்கையில் அதற்கு ஓர் இடம் இல்லை.

அதன் பிறகு நான் போடும் எந்த அறிக்கையிலும் 'ஆர்டர் கொடுத்துவிட்டது, இன்னும் செலவாகவில்லை' என்றொரு பத்தி தவறாமல் இருக்கும். பட்ஜெட்டிலிருந்து செலவையும் அதையும் சேர்த்துக் கழித்த பிறகு நிற்பதுதான் மிச்சம். அப்படிக் கழித்திருந்தால் இயக்குநரின் முன்னால் ஓர் உண்மை நின்றிருக்கும்: செலவு 7, ஆர்டர் 36, ஆக 43 லட்சத்துக்கு நான்காம் மாதமே கை நனைந்துவிட்டது.

நான்கு தேதிகளில் பட்ஜெட்டை எதில் வைப்பது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். உங்கள் பேரேட்டில் செலவு எந்தத் தேதியில் ஏறுகிறதோ அதில். பொருள் கைக்கு வந்த மாதத்திலேயே பில் வராவிட்டாலும் செலவைப் பதிந்துவிடும் முறை இருந்தால் பட்ஜெட்டும் ஐந்தாம் மாதத்தில் இருக்க வேண்டும். பில் வந்தால்தான் பதிவோம் என்கிற இடத்தில் ஆறில். பணம் போனால்தான் செலவு என்கிற ரொக்கக் கணக்கில் ஏழில். கஜானாவைப் பார்க்கிறவருக்கு ஏழாம் மாதம்தான் முக்கியம், அவருக்குத் தனித் தாள் கொடுங்கள். பட்ஜெட் ஒரு தேதியிலும் செலவு வேறொரு தேதியிலும் நிற்கும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் ஒரு மாதம் மிச்சம், மறுமாதம் அதே அளவு பற்றாக்குறை என்று ஆண்டு முழுவதும் ஊஞ்சல் ஆடும்.

கருவிகள் சொத்துக் கணக்கில் ஏறி, லாப நட்டக் கணக்கில் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பரவும் என்பது வேறு கதை. திட்டப் பட்ஜெட்டில் 36-ம் ஐந்தாம் மாதம்தான் நிற்கும். இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பாடம் படித்த பிறகும் அடுத்த ஆண்டு வேறு வகையில் மாட்டிக்கொண்டேன். ஒரு மென்பொருளுக்கு ஓராண்டு உரிமக் கட்டணம் 12 லட்சம். நிதியாண்டின் பத்தாவது மாதம் தொடக்கத்தில் முழுப் பணமும் கட்ட வேண்டும். 'தேதியைக் கேட்டுப் போட வேண்டும்' என்பதுதானே பாடம்? கேட்டேன். பத்தாவது மாதம் என்றார்கள். 12-ஐயும் பத்தாவது மாதத்தில் போட்டேன். கட்டணம் கட்டப்பட்டது. கணக்கு முடிப்பவர் தம் கடமையைச் செய்தார்: 10, 11, 12 ஆகிய மூன்று மாதங்களுக்கு உரிய 3 லட்சத்தை மட்டும் இந்த ஆண்டுச் செலவாக வைத்துவிட்டு, மீதி 9 லட்சத்தை முன்செலுத்திய செலவாக அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார். ஆண்டு முடிவில் என் பட்ஜெட்டில் 9 லட்சம் செலவாகாமல் நின்றது. அந்த நிறுவனத்தில் செலவாகாத தொகை ஆண்டோடு காலாவதியாகிவிடும். புது ஆண்டில் மாதம் 1 லட்சம் வீதம் ஒன்பது மாதம் செலவு வந்தது, அதற்குப் பட்ஜெட் ஒரு காசு இல்லை.

நான் கேட்ட கேள்வி தவறு. 'எப்போது கட்டுகிறோம்' என்று கேட்டேன். 'எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பயன்படுகிறது' என்று கேட்டிருக்க வேண்டும். காப்பீடு, வாடகை முன்பணம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இந்த வகைதான். நிதியாண்டின் எல்லையைத் தாண்டும் எந்த வரியையும் இப்போது வேறு நிறத்தில் குறித்து வைக்கிறேன். மாத எல்லையில் செய்த பிழை அடுத்த மாதம் தானாகச் சமன் ஆகிவிடும். ஆண்டு எல்லையில் செய்த பிழைக்கு ஒப்புதல் கடிதம் எழுத வேண்டும், அந்தக் கடிதத்தில் நம் முட்டாள்தனத்தை நாமே நாகரிகமான மொழியில் விவரிக்க வேண்டும்.

இனி நாள் கணக்கு. வேலை மாதத்தின் முதல் தேதியில் தொடங்கிக் கடைசித் தேதியில் முடிவது பாடப்புத்தகத்தில் மட்டும்தான். ஒரு வேலை ஜனவரி 17-இல் தொடங்கி ஏப்ரல் 10-இல் முடிகிறது, மதிப்பு 8,40,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆண்டில் ஜனவரியில் 15 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஏப்ரலில் 10. மொத்தம் 84 நாள், நாளுக்கு 10,000. ஆகவே 1,50,000, 2,80,000, 3,10,000, 1,00,000. நான்கு மாதத்துக்கும் 2,10,000 என்று சமமாகப் போட்டிருந்தால் ஜனவரியில் 60,000 போலி மிச்சம் காட்டியிருக்கும்.

எக்செலில் இதற்கு ஒரே ஃபார்முலா போதும். வேலையின் முடிவுத் தேதி, மாதத்தின் முடிவுத் தேதி இரண்டில் முந்தியதை எடுக்க வேண்டும். வேலையின் தொடக்கம், மாதத்தின் தொடக்கம் இரண்டில் பிந்தியதை அதிலிருந்து கழித்து 1 கூட்ட வேண்டும். விடை எதிர்மமாக வந்தால் பூஜ்யம். அந்த மாதத்தில் விழும் நாட்கள் இவ்வளவுதான். அதை மொத்த நாட்களால் வகுத்துத் தொகையால் பெருக்கினால் கட்டம் நிரம்பும். வேலையின் தேதிகளை யாராவது மாற்றினால் எண்கள் தாமாக நகரும்.

அந்த 1 இருக்கிறதே, அது என்னை ஒரு முழு நாள் அலையவிட்டது. மாதத்துக்கான நாட்களில் 1 கூட்டினேன். மொத்த நாட்களில் ஏப்ரல் 10-இலிருந்து ஜனவரி 17-ஐ வெறுமனே கழித்து 83 என்று விட்டுவிட்டேன். மாதங்களைக் கூட்டினால் 84, வகுக்கும் எண் 83. மொத்தம் 8,40,000-க்குப் பதில் 8,50,120 சொச்சம் வந்தது. கூடுதலாக வந்த அந்த 10,120 எந்த வரியிலிருந்து முளைத்தது என்று பில் பில்லாகத் தேடினேன். அது ஒரு நாளின் கூலி என்று மாலையில்தான் உறைத்தது. தொடக்க நாளும் வேலை நாள், முடிவு நாளும் வேலை நாள். வேலிக் கம்பங்களை எண்ணுவதும் இடைவெளிகளை எண்ணுவதும் ஒன்றல்ல.

ஆள் வேலைக்குக் காலண்டர் நாளைவிட வேலை நாள் பொருத்தம். விடுமுறைகளை ஒரு தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டால் எக்செலே வார ஓய்வையும் அவற்றையும் தள்ளி எண்ணித் தரும். வாடகை, உரிமம், காப்பீடு போன்றவை ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகின்றன, அவற்றுக்குக் காலண்டர் நாள்தான். லீப் ஆண்டில் பிப்ரவரிக்கு 29. இதை நினைவில் வைக்க வேண்டாம், தேதியாகவே எழுதியிருந்தால் தாளே பார்த்துக்கொள்ளும். 28 என்று கையால் அடித்து வைத்தவர்கள்தான் 2024-இல் சிரமப்பட்டார்கள்.

முழு எண்ணாக்கும்போது சிதறும் சில்லறையையும் சொல்லிவிடுகிறேன். 1,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் 83.33. ஒவ்வொன்றையும் 83 ஆக்கினால் மொத்தம் 996. பொதுவாக மீதி 4-ஐக் கடைசி மாதத்தில் கொட்டி 87 ஆக்குவார்கள். தவறில்லை. ஆனால் நூறு வரிகள் இருந்தால் நூறு வரிகளின் சில்லறையும் ஒரே மாதத்தில் குவியும், கடைசி மாதம் வீங்கித் தெரியும். நான் வேறு மாதிரி செய்கிறேன். மாதத்தை முழு எண்ணாக்காமல், தொடக்கத்திலிருந்து அந்த மாதம் வரையிலான கூட்டுத்தொகையை முழு எண்ணாக்குகிறேன்: 83, 167, 250, 333, 417, 500 என்று போய் 1,000-இல் முடியும். ஒன்றிலிருந்து முந்தியதைக் கழித்தால் மாதங்கள் 83, 84, 83, 83, 84, 83 என்று வரும். மொத்தம் ஒரு காசு பிசகாது, சில்லறை ஆண்டு முழுவதும் பரவிவிடும். தணிக்கையாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஏன் ஒரு மாதம் 84 என்று கேட்டார். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிக் காட்டினேன், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மாதம் என்பதே எல்லா நிறுவனத்திலும் மாதம் அல்ல என்பதை அதற்கடுத்த வேலையில் கற்றேன். அங்கே ஒரு காலாண்டின் 13 வாரங்களை 4, 4, 5 என்று மூன்று கணக்குக் காலங்களாக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு காலமும் வார இறுதியிலேயே முடியும் என்பதால் ஒப்பிட வசதி. எனக்கு முன்பிருந்தவர் பட்ஜெட்டை மட்டும் சமமாகப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வாரச் சம்பளம் 3 லட்சம் என்றால் காலாண்டுக்கு 39. பட்ஜெட் 13, 13, 13. செலவு 12, 12, 15. முதல் இரண்டு காலங்களில் 1 லட்சம் மிச்சம், மூன்றாவதில் 2 லட்சம் பற்றாக்குறை. ஒவ்வொரு காலாண்டும், தவறாமல். மூன்றாவது காலத்தில் கூடுதல் நேர வேலை நடக்கிறது என்று ஒரு விளக்கம் கூட அறிக்கைகளில் வழக்கமாகிப் போயிருந்தது. நடந்தது ஒரு வாரம் கூடுதல், அவ்வளவுதான். வாரத்தால் பெருக்கி 12, 12, 15 என்று பட்ஜெட்டை மாற்றினேன். அந்த விளக்கத்தை எழுதிவந்தவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.

அந்த முறையில் 52 வாரம் என்பது 364 நாள்தான். மிஞ்சும் நாட்கள் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை 53-ஆவது வாரம் ஒன்று வரும். பல ஆண்டுத் திட்டம் போடுகிறவர்கள் அது எந்த ஆண்டில் வருகிறது என்று முதலிலேயே பார்த்து வைப்பது நல்லது. ஒரு வாரச் சம்பளம் எங்கிருந்தோ வந்து நிற்கும். மென்பொருள்களிலும் காலங்களின் எண்ணிக்கை பன்னிரண்டோடு நிற்பதில்லை. எஸ்ஏபி போன்றவற்றில் 12 சாதாரணக் காலங்களுக்குப் பிறகு ஆண்டு முடிவுத் திருத்தங்களுக்கென்று நான்கு வரை சிறப்புக் காலங்கள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பட்ஜெட் போடாதீர்கள். பணம் செலவாகும் காலம் அல்ல அது, பிழை திருத்தும் காலம்.

எதிர்பாராச் செலவுத் தொகையை மாதங்களுக்குப் பிரிக்கலாமா என்பதில் எனக்கும் சில சகாக்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் பிரிப்பதில்லை. 7 லட்சத்தை 14 மாதத்துக்கு அரை அரை லட்சமாகப் போட்டால் அது எதிர்பார்த்த செலவாகிவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் அரை லட்சம் மிச்சம் காட்டும், அதைப் பார்த்து யாருக்காவது கை அரிக்கும். கடைசிக் காலத்துக்கு அப்பால் தனி வரியாக, தேதியில்லாமல் வைக்கிறேன். எடுக்க வேண்டிய நாளில் ஒப்புதலோடு எடுத்து, உரிய மாதத்தில் உரிய வரியில் சேர்க்கலாம். மென்பொருள் தேதி இல்லாமல் ஏற்காது என்றால் இறுதி மாதத்தில் தனிக் குறியீட்டில் போடுகிறேன்.

இப்போது நான் செய்த மோசமான காரியத்துக்கு வருகிறேன். இதற்கு முன் சொன்னதெல்லாம் தெரியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது. வேறொரு திட்டத்தில் வேலை தள்ளித் தள்ளிப் போனது. மாதா மாதம் பட்ஜெட்டுக்கும் செலவுக்கும் பெரிய இடைவெளி, மாதா மாதம் விளக்கம். அலுத்துப்போன மேலாளர், முடிந்த மாதங்களின் பட்ஜெட்டைச் செலவுக்குச் சமமாக்கி, மீதியை வரும் மாதங்களுக்குத் தள்ளிவிடச் சொன்னார். மொத்தம் மாறாது, யாருக்கு என்ன நட்டம் என்றார். எனக்கும் விளக்கம் எழுதி அலுத்திருந்தது. செய்தேன். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த மாதமும் அதையே செய்தோம், அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு மாதமும் திட்டம் அட்டவணைப்படி நடப்பதாகவே தாள் சொன்னது. கடைசியில் மீதி வேலை முழுவதும் இரண்டு மாதத்தில் செய்தாக வேண்டும் என்று வந்து நின்றபோது, எந்த மாதத்தில் தாமதம் தொடங்கியது என்று காட்ட எங்களிடம் ஒரு தடயமும் இல்லை. நானே அழித்திருந்தேன்.

அதிலிருந்து மூன்று வரிசைகள் வைக்கிறேன். முதலாவது, தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட பட்ஜெட். திட்டம் முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது, நான் உட்பட. இரண்டாவது, ஒப்புதலோடு மாறியது. வேலையின் அளவே கூடினாலோ குறைந்தாலோ மட்டும் மாறும், அதுவும் இனி வரும் மாதங்களில். மூன்றாவது, இன்றைய மதிப்பீடு. முடிந்த மாதங்களில் உண்மைச் செலவும் வரும் மாதங்களில் இப்போதைய கணிப்பும் இருக்கும். இதை மாதம் ஒருமுறை தாராளமாக மாற்றலாம். விலகல் பார்ப்பது முதலாவதோடும் இரண்டாவதோடும். பணம் ஏற்பாடு செய்வது மூன்றாவதை வைத்து.

பட்ஜெட்டையும் செலவையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது என்பதையும் அந்தத் திட்டம்தான் புரியவைத்தது. செலவு குறைந்தால் சிக்கனமா, வேலை நடக்கவில்லையா? எண் இரண்டுக்கும் ஒரே முகம் காட்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இதற்கான கட்டுப்பாட்டு விதிகளை 1967-இலேயே கொண்டுவந்தது. ஈட்டிய மதிப்பு, அதாவது நடந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு, என்கிற முறை அதிலிருந்து வளர்ந்தது. ஆறாம் மாத முடிவுக்குள் 40 லட்சத்துக்கான வேலை நடக்க வேண்டும் என்பது திட்டம், நடந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு 30, அதற்கு ஆன செலவு 36 என்று வையுங்கள். வெறும் பட்ஜெட்டும் செலவும் பார்ப்பவர் 4 லட்சம் மிச்சம் என்பார். உண்மையில் 30-க்கான வேலைக்கு 36 போயிருக்கிறது, வேலையும் நான்கில் மூன்று பங்குதான் நடந்திருக்கிறது. அந்த 40 என்ற எண் மாதவாரிப் பட்ஜெட்டிலிருந்து வருவது. அதை 84-ஐ 14-ஆல் வகுத்தது போல் போட்டிருந்தால் இந்த முறையும் உதவாது.

வாடிக்கையாளருக்காகத் திட்டம் நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குப் போனபோது, இந்தப் பிரிப்பு வருமானக் கணக்கைத் தொடுவதைப் பார்த்தேன். அங்கே ஆன செலவு மொத்தச் செலவில் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீத வருமானத்தைக் கணக்கில் எடுத்தார்கள். 84-இல் 36 லட்சம் கருவி கிடங்கில் வந்து இறங்கிய அன்றே, ஒரு திருகு கூடத் திருகாமல், மேலும் 43 சதவீத வேலை முடிந்துவிட்டதாகக் கணக்குச் சொல்லும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்கிற சர்வதேசக் கணக்கியல் தரம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. இப்படி வந்து நிறுவாமல் கிடக்கும் பெரிய பொருளை முன்னேற்ற அளவிலிருந்து விலக்கி, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதன் விலைக்கு ஈடான வருமானத்தை மட்டும் லாபமில்லாமல் காட்ட இடம் தருகிறது. அங்கே கருவியின் வரியை எடுத்த எடுப்பிலேயே தனியாகப் பிரித்து வைத்தேன். பழைய 36 லட்சம் அப்படியொரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது.

அந்தப் பழைய பொறியாளருடன் பிறகு இன்னும் இரண்டு திட்டங்கள் செய்தேன். இரண்டாவதில், ஒரு மாத முடிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது: "சரக்கு 31-ஆம் தேதி வராது, அடுத்த மாதம் 3-ஆம் தேதிதான். உங்கள் கட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி." நான் கேட்கவில்லை, அவராகவே அனுப்பியது. தாளைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் 22 லட்சத்தை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினேன். கஜானாப் பொறுப்பாளருக்கு ஒரு வரி எழுதினேன். முதல் வரிசையில் அந்த 22 பழைய மாதத்திலேயே நின்றது. விளக்கப் பத்தியில் 'சரக்கு 3 நாள் தாமதம்' என்று எழுதிவிட்டுத் தாளை மூடினேன்.